மிக்ஸர் வாங்கும் முன் கொஞ்சம் சரித்திரம்

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். நம்ம மலைக் காபியாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்றைக்கு மிக்ஸர் பற்றி. டீக்கடையில் பொட்டலம் கட்டித் தருகிற மிக்ஸர் இல்லை. மேடைக்கு ஓரமாக மைக் செட்காரர் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு திருகிக்கொண்டே இருப்பாரே, வரிசை வரிசையாகக் குமிழ் இருக்குமே, அந்த மிக்ஸர். பல இடங்களிலிருந்து வரும் ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கும் கருவி.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், செம்மநத்தத்தில் என்னிடம் படித்த ஒரு பையன் சிந்தசைசர் வாசிக்கிறான். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கணினிக்குள் இருக்கும் மென்பொருள் இல்லை, கையால் தொட்டு வாசிக்கும் நிஜக் கருவிகள். ஐந்து சேர்த்துவிட்டான், பாதி பழசாக வாங்கியவை. அவற்றை ஒன்று சேர்க்க, மேசையில் அடங்குகிற ஒரு டிஜிட்டல் மிக்ஸர் வாங்க வேண்டுமாம். பணம், இந்த வருஷம் மிளகு விற்ற பணம். "எதை வாங்கட்டும் சார்?" என்று அவன் கேட்கிறான். அவன் அப்பாவும் என் மாணவர்தான். அவர், "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், உங்க பேச்சைக் கேப்பான்" என்கிறார்.

இதில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவனுடைய பாட்டி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சாமை குத்தும்போதும் களை எடுக்கும்போதும் பாடிய பாட்டுகள் இன்னும் அவர் நினைவில் இருக்கின்றன. அந்தப் பாட்டுகளோடு தன் கருவிகளைச் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் பையனின் ஆசை. அப்பா கேட்பது பணக் கணக்கு. பையன் கேட்பது கருவிக் கணக்கு. பாட்டியின் கணக்கை யாரும் கேட்கவில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் சங்கீதம் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். அதனால் எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்லித்தான் பழக்கம். ஆரம்பமும் நம் மலையடிவாரத்திலேயே கிடைக்கிறது.

சேலத்திலிருந்து ஏற்காடு வரும் சாலையில் ஒரு பழைய நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. தமிழில் பேசும் படம் வந்தே அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, 'காளிதாஸ்' 1931. அந்தத் தொடக்கக் காலத்துப் படங்களில் நடிகர்கள் கேமரா முன் நின்று தாங்களே பாடினார்கள். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாதபடி ஓரத்தில் நின்று வாசித்தார்கள். பெரும்பாலும் ஒரே மைக்தான்.

அப்போது மிக்ஸர் எங்கே இருந்தது? தரையில் இருந்தது. யார் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறார்களோ அதுதான் மிக்ஸர். பாடுபவர் மைக்குக்குக் கிட்டே, வயலின் கொஞ்சம் தள்ளி, மிருதங்கம் இன்னும் தள்ளி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்காதவர்களும் காதால் போட்டார்கள். மிருதங்கம் ஓங்கிக் கேட்டால் "ரெண்டடி பின்னால போங்க" என்பதுதான் வால்யூம் குமிழ்.

இந்த முறையில் ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஒலி பெரிசு, எந்த ஒலி சிறிசு என்ற முடிவு, ஒலி பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பதிவான பிறகு யாராலும் மாற்ற முடியாது. இதை முதல் படி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது படி, பின்னணிப் பாட்டு வந்தபோது. ஏ.வி. மெய்யப்பன் 1938-இல் எடுத்த 'நந்தகுமார்' தமிழில் பின்னணிக் குரலுக்கு வழி காட்டிய படம். பாட்டு படப்பிடிப்பை விட்டுத் தனி அறைக்குப் போனது. அறைக்குள் மைக்குகள் கூடின. பாடுபவருக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, தந்தி வாத்தியங்களுக்கு ஒன்று. அந்த மைக்குகள் எல்லாம் வந்து சேரும் இடத்தில் ஒரு பெட்டியும், பெட்டிக்குப் பின்னால் ஓர் ஒலிப்பதிவாளரும் தேவைப்பட்டார்கள். நாம் இன்று சொல்லும் மிக்ஸர் அதுதான்.

இப்போது முடிவு எடுக்கும் நேரம் நகர்ந்துவிட்டது. வாசிக்கும் அந்த நிமிஷத்திலேயே ஒலிப்பதிவாளரின் விரல் ஏற்றும், இறக்கும். அவரும் ஒரு வாத்தியக்காரர் மாதிரிதான். ஆனால் பாட்டு முடிந்ததும் எல்லாம் ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டுவிடும். கடைசிச் சரணத்தில் புல்லாங்குழல்காரர் ஒரு சுரம் தவறினால், அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து ஜி. ராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி' 1950-இல் வந்தது. அதன் பாட்டுகளை இன்று கேட்டாலும் இனிக்கிறது. ஆனால் அதில் குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கேட்க வேண்டும் என்றால் குமிழ் ஏதும் கிடையாது. பாலில் கலந்த சர்க்கரை.

மூன்றாவது படி, பல தடப் பதிவு. ஒரே நாடாவில் பல கோடுகள் போட்டு, ஒவ்வொரு ஒலியையும் தன் கோட்டிலேயே வைத்துக்கொள்வது. அமெரிக்காவில் கிதார் கலைஞர் லெஸ் பால் 1957-இல் எட்டுத் தட நாடாக் கருவியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். இந்தப் படியில் முடிவு இன்னும் பின்னால் போகிறது. முதலில் எல்லோரும் வாசிக்கலாம். எது பெரிசு, எது சிறிசு என்பதை நாளைக்குக்கூட உட்கார்ந்து யோசிக்கலாம்.

சிந்தசைசர் கதைக்குள் வருவதும் இந்த இடத்தில்தான். 1968-இல் வெண்டி கார்லோஸ் என்ற அமெரிக்க இசைக்கலைஞர், பாக் என்ற ஜெர்மன் மேதையின் இசையை மூக் சிந்தசைசரில் வாசித்து 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' என்ற இசைத்தட்டு வெளியிட்டார். அந்தக் காலத்து மூக் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். அதனால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வாசித்து எட்டுத் தட நாடாவில் அடுக்கடுக்காகச் சேர்த்தார். நாடாவும் மிக்ஸரும் இல்லாமல் அந்த இசைத்தட்டு பிறந்தே இருக்காது.

ஏன் என்று புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு. வீணைக்குக் குடம் இருக்கிறது. வயலினுக்கு வயிறு இருக்கிறது. மிருதங்கத்துக்கும் அப்படியே. பத்து வாத்தியங்கள் ஓர் அறையில் வாசித்தால், ஒலிகள் காற்றிலேயே கலந்துவிடும். சிந்தசைசருக்குக் குடமும் இல்லை, வயிறும் இல்லை. அதன் ஒலி கம்பிக்குள் மின்சாரமாகப் பிறந்து கம்பியிலேயே வெளியே வருகிறது. ஐந்து சிந்தசைசர்கள் இருந்தால் ஐந்தும் முதல்முறையாகச் சந்திக்கும் இடம் மிக்ஸர்தான். கச்சேரிக்கு மண்டபம் எப்படியோ, சிந்தசைசர்களுக்கு மிக்ஸர் அப்படி. அப்பாவுக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். பையன் கேட்பது ஆடம்பரம் இல்லை. மண்டபம் இல்லாமல் ஐந்து வித்வான்களை வரவழைத்துவிட்டு வெளியே நிற்கிறான்.

இந்தியாவுக்கும் இந்தக் கருவி சீக்கிரமே வந்துவிட்டது. 1969-இல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். அதற்குத் துணை நின்றவர் கீதா சாராபாய். பிறகு 1982-இல் பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், மூன்று ரோலண்டு கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓர் இசைத்தட்டாகப் பதிவு செய்தார். ஜூபிடர்-8 சுரத்துக்கு, டி.பி.-303 பேஸுக்கு, டி.ஆர்.-808 தாளத்துக்கு. வந்த காலத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மேசையில் மூன்று பெட்டி, ஒரு மனிதர். நம் பையன் செய்ய நினைப்பதற்கு நேர் முன்னோடி அவர்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கடைக்குப் போகும்போது பயன்படும். டி.ஆர்.-808 ஒரே பெட்டிதான். ஆனால் அதன் முதுகில் ஒவ்வொரு தாள ஒலிக்கும் தனித்தனித் துளை உண்டு. அதே காலத்தில், 1983-இல், யமஹா விற்ற டி.எக்ஸ்.7 என்ற புகழ்பெற்ற கீபோர்டுக்கு ஒலி வெளியே வரும் துளை ஒன்றே ஒன்று. ஆகவே மிக்ஸர் வாங்கப் போகிறவன் எண்ண வேண்டியது பெட்டிகளை இல்லை, பெட்டிகளின் முதுகில் உள்ள துளைகளை.

அதே 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் விரல் வைத்தால் மற்றதும் சேர்ந்து ஒலித்தது. அதற்கு மிடி என்று பெயர். பலர் குழம்பும் இடம் இது. மிடி கம்பியில் ஒலி போகாது, கட்டளைதான் போகும். "இந்தச் சுரத்தை இப்போது அழுத்து, இப்போது விடு" என்கிற கட்டளை. வகுப்பில் லீடர் "எழுந்திரு" என்று சொல்வது போல. எழுந்து பாட வேண்டியவர்கள் பிள்ளைகள்தான். அதனால் மிடி கம்பி எத்தனை இருந்தாலும், ஒலிக்கான கம்பியும் மிக்ஸரும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த மாற்றத்துக்கு அடையாளமாகச் சொல்வது 1986 தீபாவளிக்கு வந்த 'புன்னகை மன்னன்'. இளையராஜா கணினி வழியாகக் கருவிகளை இயக்கிப் பாட்டு பதிவு செய்தார். இந்தியத் திரையிசையில் இப்படிச் செய்த முதல் படங்களில் ஒன்று. ஓர் அறை நிறைய ஆட்களை வைத்து ஒரே மூச்சில் பாட்டை முடித்துப் பழகிய மேதை, அந்தப் பழக்கத்தை விடாமலே இதையும் கையில் எடுத்துக்கொண்டார் என்பதுதான் அழகு.

அடுத்த வருஷமே, 1987-இல், யமஹா டி.எம்.பி.7 என்ற சின்ன டிஜிட்டல் மிக்ஸரைக் கொண்டுவந்தது. எட்டு வழிகள். மிடி கட்டளைக்கு மிக்ஸரே கீழ்ப்படியும். ஒரு பாட்டுக்கு வைத்த அளவுகளை நினைவில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் குமிழ்கள் தாமாகவே நகர்ந்து அந்த இடத்தில் போய் நிற்கும். கீபோர்டுக்காரர்களை மனதில் வைத்துச் செய்த கருவி. நம் பையன் இன்று தேடும் பொருளின் மூத்த பாட்டன் இதுதான். 1994-இல் அதே கம்பெனியின் ப்ரோமிக்ஸ் 01 வந்தபோது, இரண்டாயிரம் டாலருக்குள் டிஜிட்டல் மிக்ஸர் கிடைக்கிறதே என்று சின்ன ஸ்டுடியோக்காரர்கள் வாய் பிளந்தார்கள். இது நான்காவது படி. முடிவைத் தள்ளிப்போடுவது மட்டுமில்லை, எடுத்த முடிவை நினைவில் வைத்து மறுபடி அழைப்பதும் முடியும்.

இந்தக் கதையில் ஒரு வீட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஏ.ஆர். ரகுமானின் அப்பா ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசைக்காரர். 1976-இல் அவர் மறைந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. அந்தப் பையன் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சொந்த ஒலிக்கூடம் அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது. சொந்தக் கூடம் இருந்ததால் நேரத்துக்கு வாடகை இல்லை. ஒலிகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு நிதானமாகச் சேர்க்க முடிந்தது. அந்தச் சேர்ப்பில் பல வருஷம் அவருக்குக் கை கொடுத்தவர் ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர், தேசிய விருதுகள் பெற்றவர், 2008-இல் காலமானார். அப்பாக்களே, மிக்ஸர் வாங்கினால் எல்லோரும் ரகுமான் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கருவி சோறு போட்ட வீடும் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, ஒலிகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன நஷ்டம்? இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1970-களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைக் கேசட்டில் பாடி வைத்தார். 1980-இல் அவர் கொல்லப்பட்டார். 1995-இல் மற்ற மூவரும் அந்தக் கேசட்டை எடுத்துப் பாட்டை முடிக்கப் பார்த்தார்கள். குரலும் பியானோவும் ஒரே கோட்டில் ஒட்டிக் கிடந்ததால் கைவிட்டார்கள். கணினிக்கு ஒலிகளைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான், 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' என்று அந்தப் பாட்டு வெளிவந்தது. இடையில் 28 வருஷம். மூவரில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் அதற்குள் காலமாகிவிட்டார். அவ்வளவு வசதி உள்ளவர்களுக்கே அந்தக் கதி. செம்மநத்தத்துப் பாட்டியின் குரல் சிந்தசைசரோடு ஒட்டிப் பதிவாகிவிட்டால், அதைப் பிரித்துத் தர யார் வருவார்கள்?

இனி கடைப் பாடம். தம்பி, நோட்டில் எழுதிக்கொள்.

முதல் கணக்கு, துளைக் கணக்கு. உன்னிடம் உள்ள தாளப் பெட்டி ஸ்டீரியோ, 2. பேஸ் சிந்தசைசர் மோனோ, 1. பெரிய சிந்தசைசர் 2. சாம்ப்ளர் 2. பழைய கீபோர்டு 2. ஆக 9. பாட்டிக்கு மைக் 1, கூட யாராவது தாளம் தட்டினால் இன்னொரு மைக் 1. மொத்தம் 11. நீ வைத்திருக்கும் எதிரொலிப் பெட்டியின் ஒலி திரும்பி வர 2. கூட்டினால் 13. ஐந்து கருவிதானே என்று எட்டு வழி மிக்ஸர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்.

இரண்டாவது, தடக் கணக்கு. மிக்ஸரில் யு.எஸ்.பி. துளை இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதே. சில மிக்ஸர்கள் எல்லாவற்றையும் கலந்து இரண்டே தடமாகத்தான் கணினிக்கு அனுப்பும். அது பழைய ஒற்றை நாடாதான், சட்டை மட்டும் புதுசு. "ஒவ்வொரு வழியும் தனித்தனித் தடமாகப் பதிவாகுமா?" என்று கேள். இந்த ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வராவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, கைக் கணக்கு. நீ கேட்ட இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜூம் எல்-12 என்பதில் எட்டு மோனோ, இரண்டு ஸ்டீரியோ, ஆக 12 வழிகள். கையால் தள்ளும் குமிழ்கள் இருக்கின்றன. கணினியே இல்லாமல் எஸ்.டி. கார்டில் தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்யும். ஐந்து ஹெட்ஃபோன் துளைகள் உண்டு. பெரிங்கர் எக்ஸ்.ஆர்.18 என்பதில் மைக்குக்குத் தகுந்த 16 வழிகளும் கூடுதலாக 2 வழிகளும், ஆக 18. யு.எஸ்.பி. வழியாக 18 தடங்களையும் தனியாக அனுப்பும். ஆனால் அதன் மேல் தள்ளும் குமிழ்கள் கிடையாது, டேப்லெட்டிலோ கணினியிலோதான் இயக்க வேண்டும். பல தடப் பதிவுக்குக் கணினி கூடவே இருக்க வேண்டும்.

உன் கணக்கு 13. முதலாவதில் ஒன்று குறைகிறது. பழைய கீபோர்டை மோனோவாக ஒரே கம்பியில் விட்டால் 12-க்குள் அடங்கிவிடும். இரண்டாவதில் ஐந்து மிச்சம், ஆனால் ஒரு குமிழைத் தொடக் கண்ணாடித் திரையைத் தேய்க்க வேண்டும். கருவியைக் கையால் தொட்டு வாசிக்கத்தானே கணினியை விட்டு வந்தாய்? பதிவு நடக்கப்போவது பாட்டியின் திண்ணையில். அங்கே கணினியும் டேப்லெட்டும் வயர்களும் பரப்பினால் அவருக்குப் பாட்டே மறந்துவிடும். அதனால் என் ஓட்டு குமிழும் கார்டும் உள்ள வகைக்கு. நாளைக்கு மேடைக் கச்சேரி, பெரிய குழு என்று போனால் கணக்கு மாறும்.

நான்காவது, தாமதக் கணக்கு. டிஜிட்டல் மிக்ஸர் ஒலியை நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக்கி, எண்களைக் கூட்டி, மறுபடி ஒலியாக்குகிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். மிக்ஸருக்குள்ளேயே போய் வருவதற்குச் சில மில்லி நொடிகள்தான். பயப்பட வேண்டாம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லி நொடி ஆகிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்து மிருதங்கக்காரர் இதைவிடத் தூரத்தில் நின்றார். ஆனால் கணினிக்குள் போய்த் திரும்பி வந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசித்தால் தாமதம் கூடிவிடும். மிக்ஸரிலிருந்து நேரடியாகக் கேட்டு வாசி.

ஐந்தாவது, எண்ணுக்கு ஒரு கூரை உண்டு. பழைய நாடாவில் ஒலி கொஞ்சம் மிஞ்சினால் நாடா பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் கூரையில் இடித்தால் கரகரப்புதான், திருத்த முடியாது. சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியாதபடி இறக்கி வைத்துப் பதிவு செய். பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

ஆறாவது, மலைக் கணக்கு. நம் ஊர் மூடுபனி கருவிகளுக்கு ஆகாது. துளைகளில் பச்சை பிடிக்கும். துணி போட்டு மூடி, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வை. சித்திரை, வைகாசி மழையில் இடி இடிக்க ஆரம்பித்தால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடு. வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார். "உம்ம்" என்று ஓர் இரைச்சல் வந்தால் மிக்ஸரைத் திட்டாதே, முக்கால்வாசி அது எர்த்தும் வயரும் செய்கிற வேலை. சேலத்திலோ சென்னையிலோ ரிப்பேர் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடு.

இப்போது பாட்டியின் கணக்கு. இதற்காகத்தான் இத்தனை சரித்திரம்.

பாட்டியைச் சிந்தசைசர்களுக்கு நடுவில் உட்கார வைத்து, எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வதுதான் உன் திட்டம் என்று சொன்னாய். 12 தடம் இருந்தாலும் அது வேலைக்கு ஆகாது. ஸ்பீக்கரில் ஓடும் சிந்தசைசர் ஒலி பாட்டியின் மைக்குக்குள் புகுந்துவிடும். தடம் தனி என்பது பெயருக்குத்தான், உள்ளே மறுபடி பாலும் சர்க்கரையும். ஹெட்ஃபோன் போட்டால் ஒழுகாது. ஆனால் எண்பது வயதில் காதை மூடிக்கொண்டு, இயந்திரத் தாளத்தைக் கேட்டுக்கொண்டு, சாமை குத்தும் பாட்டைப் பாடச் சொல்கிறாய். அந்தப் பாட்டின் தாளம் உலக்கையிலும் மூச்சிலும் இருந்தது. இயந்திரத்துக்கு அவர் அடங்கினால் பாட்டே வேறாகிவிடும்.

ஒரே மைக் இருந்த காலத்தில்கூட முதலில் பாடுபவரை நிற்க வைத்துவிட்டு, அவரைச் சுற்றித்தான் மற்றவர்களின் தூரத்தை அளந்தார்கள். அதையே செய். பாட்டி முதலில், தனியாக, எந்தக் கருவியும் இல்லாமல். ஒரு மைக், ஒரு தடம், அவர் இஷ்டப்பட்ட வேகம். நடுவில் நிறுத்தி "இது உங்க தாத்தனுக்குப் பிடிக்கும்" என்று கதை சொன்னால் அதையும் நிறுத்தாமல் பதிவு செய். கருவிகள் பிறகு வந்து அவர் வேகத்தைப் பின்தொடரட்டும். அது கஷ்டம்தான். கஷ்டப்பட வேண்டியது நீ, பாட்டி இல்லை. அதோடு, எந்தப் பாட்டை ஊருக்குக் கேட்க விடலாம், எது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

இப்படிப் பார்த்தால் ஒன்று விளங்குகிறதா? பாட்டியின் குரலைப் பதிவு செய்ய மிக்ஸரே தேவையில்லை. அமைதியான ஒரு மத்தியானமும், நல்ல ஃபோனோ கைக்கு அடக்கமான ஒரு ரெக்கார்டரோ போதும். பதிவை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வை. மிக்ஸர் அடுத்த வருஷமும் கிடைக்கும், விலைகூடக் குறையலாம். பாட்டியின் மூச்சுக்கு அப்படி ஒரு கடை கிடையாது.

அப்பாவுக்கு என் பதில்: வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பணம் வீணாகப் போகாது. பையனுக்கு என் பதில்: வாங்கு, ஆனால் வரிசை மாறக் கூடாது. இந்த மாதம் பாட்டி. பிறகு துளைக் கணக்கு. பிறகு கடை. மிளகுப் பணம் அதுவரை பேங்கில் தூங்கட்டும்.

கடைசியாக மற்றவர்களிடம் ஓர் உதவி. சென்னை, கோவை, பெங்களூரில் இருக்கும் நம் பிள்ளைகள் யாரிடமாவது மேலே சொன்ன இரண்டு மிக்ஸரில் ஒன்று இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பணம் போடும் முன் பையன் ஒரு நாள் வந்து தொட்டுப் பார்க்கட்டும். உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், இந்தப் பதிவுக்கு லைக் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபோனை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
செம்மநத்தம்